ஆயாக் கொட்டாய்ச் சுவரில் ஒரு சட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் காப்புறுதிச் சட்டம் யாரையாவது காப்பாற்றியது என்றால், அது என் மகளைத்தான். மழையிலிருந்து.

நான் அங்கே கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டாயில்தான் என் மகளும் பகலில் இருந்தாள். அதன் பின்சுவரில் பலகை உளுத்துப்போய் ஓட்டை விழுந்திருந்தது. மேனேஜர் துரையிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சொல்லி, ஆபீஸ் வாசலில் தொங்கிய தகரப் பலகையைக் கழற்றி ஓட்டையின்மேல் அடித்தேன். கை போனால் என்ன கிடைக்கும், கால் போனால் என்ன கிடைக்கும் என்று அந்தப் பழைய சட்டத்தை அதில் எழுதியிருந்தார்கள். கதவளவு தகரம். எவரும் படித்ததில்லை. பிள்ளைகள் அதனடியில் நன்றாகத் தூங்கினார்கள்.

போன வருஷம் தலைநகரில் காலாவதியான சட்டங்களையெல்லாம் கூட்டிப் பெருக்கித் தள்ளினார்கள். எங்கள் சட்டமும் அந்தக் குப்பையோடு போனது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. சில வாரங்களில் ஓர் அதிகாரி மலையேறி வந்து, ரத்தான சட்டத்தை மாட்டி வைக்கக் கூடாது என்றார். படிக்கிறவர்கள் ஏமாந்துவிடுவார்களாம்.

“சட்டம் செத்தா செத்துட்டுப் போவுது சார், தகரம் நல்லாத்தானே இருக்கு?” என்றார் ஆயா.

“அது இனிமே செல்லாதும்மா.”

“நேத்துப் பேஞ்ச மழையக்கூட நிறுத்துச்சு லா, எப்படிச் செல்லாம போவும்?”

எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பி மாட்டுகிறேன் என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன். அகற்றியதற்கு அத்தாட்சியாகத் தகரத்தையே கொண்டுபோக வேண்டுமாம். அது காருக்குள் நுழையவில்லை. கூரைமேல் வைத்துக் கட்டினார். கயிறு கொடுத்த புண்ணியவான் நான்தான்.

பிறகு புதுச் சட்டத்தை எடுத்தார். உள்ளங்கை அகல ஸ்டிக்கர், நடுவில் கறுப்புக் கட்டங்கள். கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் எல்லாச் சலுகையும் தெரியுமாம். கொட்டாய்ப் பக்கம் லைன் கிடைக்காது. நனையாத இடமாகப் பார்த்து, அக்கறையோடு ஒட்டிவிட்டுப் போனார்.

“இம்புட்டுத்தானா கிராணி?” என்றார் ஆயா.

மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஸ்டிக்கர் ஒட்டிய அந்த உலர்ந்த சுவரோரம் தொட்டில்களை மாற்றிக் கட்டியிருந்தார் ஆயா. அங்கே இரண்டுக்குத்தான் இடம். என் மகள் மூன்றாவது. அவளை மார்போடு அணைத்து, ஓட்டைக்குத் தன் முதுகைக் கொடுத்து, நனைந்துகொண்டே நின்றார்.

நான் என் மழைக்கோட்டைக் கழற்றி ஓட்டையின்மேல் வைத்து ஆணி அடித்தேன். இதுவரை யாரும் அதை ரத்து செய்ய வரவில்லை.