படிக்குக் கீழே வரையாத அறை

எழுபதுகளின் கடைசியில் நான் தேவகோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் கணக்கு டீச்சரின் அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஒரு முறை விடுப்பில் வந்தபோது தங்கைக்கு ஒரு பழுப்புநிறப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே மூன்று மெல்லிய ஆங்கிலப் புத்தகங்களும் சில பகடைகளும் இருந்தன. ஒரு பகடைக்கு இருபது முகம்.

காயும் பலகையும் இல்லாத விளையாட்டு அது. ஒருவர் பூமிக்கடியில் ஒரு பாழடைந்த கோட்டையை வரைந்து, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ தங்களை நினைத்துக்கொண்டு, அதற்குள் எங்கே போகிறோம், என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். எதிரே என்ன தெரிகிறது என்பதை வரைந்தவர் சொல்வார். சண்டை வந்தால் பகடை உருட்டுவோம். புத்தகத்திலிருந்த விதிகளில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. பல விதிகள் அதில் இல்லவே இல்லை. அதையெல்லாம் நாங்களே இட்டுக்கட்டிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மூன்று பேர் கூடுவோம். கணக்கு டீச்சர் வரைவார். நான் மந்திரவாதி. ஐம்பதை நெருங்கிய ஓவிய டீச்சர்தான் வாள்வீரன். பள்ளியில் அதிர்ந்து பேசாத அவர், வாளை ஓங்கும்போது நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். கணக்கு டீச்சர் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் முன்கட்டில். வீட்டுக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். பின்கட்டுகள் பூட்டிக் கிடந்தன.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மழை இருட்டில் மூன்று மணிக்கே விளக்குப் போட்டிருந்தோம்.

"படி கீழ எறங்குது. ஒரு கதவு. பூட்டு இல்ல," என்றார் கணக்கு டீச்சர்.

"தொறக்கிறேன்," என்றேன்.

"சின்ன அறை. ஒரு பொம்பள முதுகு காட்டி உக்காந்து தலை சீவிக்கிட்டு இருக்கா."

"யாரு நீங்கன்னு கேக்குறேன்."

மழைச் சத்தத்துக்கு நடுவே, "இம்புட்டு நேரங்கழிச்சா வாரீக?" என்று பதில் வந்தது. மெல்லிய குரல். அதில் கோபம் இல்லை, காத்திருந்த சலிப்புதான் இருந்தது.

"நல்லாப் பேசினீக டீச்சர்," என்றேன்.

கணக்கு டீச்சர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் இன்னும் வாயே தொறக்கலையே. ஓவிய டீச்சருல்ல சொன்னாக?"

"நான் பேசலத்தா," என்றார் ஓவிய டீச்சர்.

கணக்கு டீச்சர் தான் வரைந்த தாளை எங்கள் பக்கம் திருப்பினார். படி இருந்தது. அதன் கீழே வெறும் சுவர்க்கோடு.

"இங்க அறையே போடல. நீங்க எறங்கினதும் வாயில அப்படி வந்துருச்சு."

ஓவிய டீச்சர்தான் முதலில் பேசினார். "அவுகளுக்கு என்ன பதில் சொல்றது?"

"போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க," என்றேன்.

அவர் அதைச் சத்தமாகவே சொன்னார். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பதில் இல்லை. மழை விடும் முன்பே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அதன்பின் பள்ளி வராந்தாவில் வைத்து, வேறு கோட்டை வரைந்து ஆடினோம். படிகள் வந்தால் நானும் கணக்கு டீச்சரும் வேறு வழி பார்ப்போம். ஓவிய டீச்சருக்கு மட்டும் அந்த அறைக்குத் திரும்பிப் போக ஆசை. "பாவம், தனியா இருக்காக," என்பார். நாங்கள் சம்மதிக்கவில்லை. அடுத்த வருடம் அவர் வேலையை விட்டுவிட்டுக் கொத்தமங்கலம் போனார். ஆட்டம் நின்றது.

பல வருடங்கள் கழித்து, என் மகள் அதே விளையாட்டின் புதிய பதிப்பை வாங்கிவந்தாள். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எந்த அறையில் யார் இருக்கிறார்கள், என்ன பேசுவார்கள் என்பதுவரை எழுதியிருந்தது. ஒரு மாலை அவளுடனும் அவள் தோழிகளுடனும் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.