கடலுக்குள் போன எங்கள் சிமெண்ட்

என் வீட்டுக்காரருக்குச் சொரசொரப்பு என்றால் ஆகாது. எருமப்பட்டி பக்கம் எங்களுக்குக் கிணற்று உறை வார்க்கும் பட்டறை. மண்ணுக்குள் போய் யார் கண்ணிலும் படாத உறைக்குக்கூடச் சிமெண்ட் பால் பூசி, தடவிப் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுவார். பெண் பார்க்க வந்த அன்றே என் முகத்தைவிட எங்கள் வீட்டுச் சுவரைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

அந்த வழவழப்பைப் பார்த்துத்தான் ஒரு காண்ட்ராக்டர் கடலில் இறக்கும் கற்களை வார்க்கும் வேலையைக் கொடுத்தார். கடற்கரையிலேயே வார்ப்பதுதான் வழக்கமாம். அங்கே இடம் போதாமல் கொஞ்சம் எங்களிடம் வந்தது. இழுவலை கடலடியைச் சுரண்டிவிட்டதால் கரையோரம் மீன் ஒதுங்க இடமில்லை. ஓட்டை வைத்த சிமெண்ட் கற்களை இறக்கினால் பாசியும் சிப்பியும் பிடித்து, மீன் குடிவரும் என்றார்கள். குடிவருகிற வீடாயிற்றே என்று இவர் சிமெண்ட் பாலை இரட்டிப்பாகப் பூசிவிட்டார்.

ஏற்றிப்போக வந்த மீனவர் ஒரு கல்லைத் தடவினார். முகம் வாடிவிட்டது.

"வழுக்குதேண்ணே. சிப்பி எதைப் பிடிச்சிக்கிட்டு உட்காரும்? அது பிடிக்கலன்னா மீனும் வராது. எங்க புள்ளைங்க கரையோரமா வலை போட்டுப் பொழைக்கட்டும்னுதான் இதை இறக்குறோம்."

பழைய சுவரைக் கொத்தாமல் பூசினால் பூச்சு பிடிக்காது என்று கொத்தனார்களைத் திட்டித் தீர்ப்பவர்தானே இவர். உளியும் சுத்தியலுமாக, தான் பூசியதைத் தானே கொத்த உட்கார்ந்தார். நானும் ஒரு உளியை எடுத்தேன். பிள்ளைக்கு ஊசி போடும்போது பிடித்துக்கொள்ளும் தகப்பன் மாதிரி அடிக்கு அடி முகம் சுளித்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

"அம்மைத் தழும்பாட்டம் ஆயிப்போச்சு புள்ள. பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"மீனுதானுங்க பாக்கப்போகுது."

கற்கள் போன பிறகு சோற்றில் கை வைத்தாலும் ஒரே பேச்சு, மீன் வருமா வராதா என்று. அடுத்த வருடம் அந்த மீனவர், முக்குளித்து எடுத்த வீடியோவை அனுப்பினார். ஏறக்குறையக் கல்லே தெரியாமல் பாசியும் சிப்பியும் மூடியிருந்தன. ஓட்டைகளுக்குள் மீன் கூட்டம் கூட்டமாகப் புகுந்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவரோ போனை மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த மூலையப் பாரு புள்ள, வழவழன்னு நிக்குது. சரியாக் கொத்தாம உட்டுட்டேன்."

அத்தனை மீன் ஓடுகிறது, மனுஷனுக்கு அந்த மூலைதான் கண்ணில் படுகிறது. உடனே மீனவருக்குப் போன் போட்டு, தண்ணீருக்குள்ளேயே கொத்த முடியுமா என்று கேட்டார். அவர் சிரித்தது எனக்கே கேட்டது.

"நான் வேணா வாரேனுங்க" என்றார், நீச்சல் தெரியாத என் வீட்டுக்காரர்.