ஐஸில் சுற்றிய ஊசி மருந்து

எங்கள் தெரு நாய்க்கு வீடு இல்லை. பெயர் மட்டும் வீட்டுக்கு ஒன்று. மாடம்பாக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடியில் அது பிளாக்கி. எதிர்வீட்டில் மணி. ஆட்டோ ஓட்டும் காதர் பாய் வீட்டில் வெறுமனே 'அது'. யாழ்ப்பாணத்தில் நாய் என்றால் ஒரு வேலிக்குள் இருக்கும். யாருடையது என்று கேட்டால் பதில் வரும். இங்கே நாயிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. எந்த ஊர், யாரோடு வந்தாய், எப்போது போவாய் என்பதெல்லாம் என்னிடம்தான்.

கார்த்திகை மழை விட்டபோது அதன் விலாவில் ஒரு கட்டி தெரிந்தது. தக்காளி அளவுக்கு வளர்ந்து, வெடித்து, ஈ மொய்த்தது. சோறு வைத்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். காதர் பாய்தான் ஆட்டோவில் சாக்கை விரித்தார். நாயை வீட்டுக்குள் விடாத மனிதர். திரும்பி வந்ததும் வண்டியையும் தன்னையும் கழுவிக்கொண்டுதான் தொழப் போவார். தோலில் வந்த புற்றுக்கட்டி, ஆனால் மருந்துக்கு அடங்கும் என்றார் கால்நடை டாக்டர். வின்கிறிஸ்டின் என்ற ஊசி, வாரம் ஒன்று, முன்னங்கால் நரம்பில். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் சதை அழுகிவிடுமாம். நானும் பாயும் அமுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

"நடுவுல மட்டும் விட்டுடாதீங்க. விட்டா அப்புறம் மருந்து கேக்காது" என்றார் டாக்டர்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு கட்டி பேரீச்சம்பழமாகச் சுருங்கியது. நாய் வாந்தி எடுத்தது, மீசை மயிர் உதிர்ந்தது, ஆனாலும் வாலை ஆட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சொந்தம் என்று ஒருவரும் இல்லாத இந்த ஊரில் எனக்கு அந்த நாய் பிழைத்தே ஆக வேண்டியிருந்தது.

அடுத்த ஊசி நாளில் நான் போலீஸ் ஸ்டேஷனில் முகம் காட்டவும் வேண்டியிருந்தது. அகதி முகாமுக்கு வெளியே வாழும் நம்மவர்களுக்கு இது தெரியும்; ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை போய், இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வர வேண்டும். போகிற வழிதானே என்று பாயின் ஆட்டோவை நிறுத்தி மருந்தை வாங்கிக்கொண்டேன். மெடிக்கல்காரர் ஐஸ் வைத்துப் பேப்பரில் சுற்றித் தந்தார். ஊரில் சண்டை மறுபடி மூண்டிருந்த நேரம். கடல் வழியாகப் போராளிகளுக்கு மருந்து போகிறது என்று பேச்சு. நம்மில் புத்தியுள்ள எவரும் அந்தப் பையோடு ஸ்டேஷன் படி ஏறியிருக்கமாட்டார்கள்.

"இன்னாம்மா இது?" என்றார் ஏட்டு.

"நாய்க்கு மருந்து, சேர். கட்டிக்குப் போடுற ஊசி."

"நாய்க்கு ஐஸ்ல வெச்சி மருந்தா? யாருக்கு அனுப்புற இத?"

"ஒருத்தருக்கும் இல்லை சேர். எங்கட தெருநாய்க்கு."

"உன் நாய்கூட இல்லியா?" அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு டீ வாங்கித் தந்தார். "இன்ஸ்பெக்டர் வரட்டும். குந்து."

மருந்து மேசைமேல் இருந்தது. ஐஸ் உருகிப் பேப்பர் நனைந்து தண்ணீர் சொட்டியது. ஊரில், மருந்துக்குத் தடை இருந்த காலத்தில், சோதனைச் சாவடியிலும் இப்படி ஒரு மேசை. அப்பாவின் இன்சுலினை ஒரு சிப்பாய் அதில் எடுத்து வைத்தான். வெயிலில் கிடந்ததைப் பின்னேரம் திருப்பித் தந்தான். வேறு கிடைக்காமல் அதையேதான் அவருக்குப் போட்டோம். மாரி தொடங்குமுன் போய்விட்டார். அந்தச் சிப்பாய் பேசியது எனக்குத் தெரியாத மொழி. இங்கே என் மொழியில் கேட்டார்கள், நானும் என் மொழியில்தான் சொன்னேன், எடுபடவில்லை.

மாலையில் இன்ஸ்பெக்டர் வந்து, டாக்டரைப் போனில் விசாரித்து, என்னை அனுப்பினார். வெளியே காத்திருந்த பாயின் வண்டி நம்பரை எழுதிக்கொண்டார்கள். சூடேறிய மருந்தைப் போட டாக்டர் மறுத்துவிட்டார்.

மறுநாள் பாய் வாசற்படிக்குக் கீழேயே நின்றார். "வூட்ல பயப்படுறாங்கக்கா. வண்டி நம்பரு அங்க கீது. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஆட்டோக்காரர் எவரும் அந்த நாயை ஏற்றவில்லை. ஊசி மருந்தோடு தெருவில் நடக்க எனக்கும் துணிவு வரவில்லை. கட்டி திரும்பி வந்தது, இந்தமுறை கழுத்திலும். பங்குனி வெயிலில் ஒருநாள் பாயின் ஆட்டோவுக்கு அடியில் நாய் செத்துக் கிடந்தது.

பாய் கடப்பாரையோடு வந்தார். தெருக்கோடியில் மனை போட்டுக் கல் நட்டிருந்த காலி நிலத்தில் இருவருமாகக் குழி தோண்டினோம்.

நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். அப்பாவைப் புதைத்த சேமக்காலை இப்போது ராணுவத்தின் முள்கம்பிக்குள் இருக்கிறது. கல்லறைத் திருநாளன்று அவருக்கு ஏற்ற வேண்டிய மெழுகுதிரியை, யாரோ வாங்கிப்போட்ட அந்த மனையில், நாயின் குழிமேல் ஏற்றிவிட்டு வந்தேன்.