செக் கேஸும் ஜீப்பின் முன்சீட்டும்

என் ஜீப்பின் முன்சீட் ஓர் அக்காவுக்கு உரியது. எழுதிக் கொடுத்த உரிமை இல்லை. மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் வளைவுகளில் பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். கையில் எலுமிச்சம்பழம் இருந்தாலும் நிற்காது. அதனால் வண்டி வாங்கிய முதல் வாரத்திலிருந்தே, யார் ஏறியிருந்தாலும் எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு அவரை முன்னால் உட்கார வைப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்த அக்காவுக்குத்தான் நான் பணமில்லாத செக் கொடுத்தேன்.

அவருக்குப் பதினொரு புளியமரங்கள் உண்டு. ஒரு மாசியில் அவ்வளவு புளியையும் நான் வாங்கினேன். ஜீப் ஓட்டுகிறவனுக்குப் புளி வியாபாரம் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். பதில் தெரியாததால் கோபப்பட்டேன்.

மழைக்கு முன்னால் வீட்டுக் கூரைக்குத் தகர ஷீட் போட வேண்டும், அதற்குத்தான் இந்தப் பணம் என்று அக்கா சொல்லியிருந்தார். "ரொக்கமா குடு தம்பி" என்று கேட்கவும் செய்தார். எனக்கோ வண்டிக் கடனுக்காக வாங்கிய செக் புத்தகத்தில் தாள்கள் மீதி இருந்தன. கையெழுத்துப் போட்டு, சர்ரென்று கிழித்து நீட்டுவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது.

"செக்குன்னா பேங்க்கே பொறுப்புக்கா" என்றேன். என் சட்ட அறிவு அன்றைக்குத் தொடங்கியது.

அந்தப் புளியை நான் விற்ற செங்கத்து மண்டிக்காரர் சொன்ன நாளில் பணம் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல வழியே இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான். அந்தப் பணத்தில் இரண்டு டயரும் ஒரு பாட்டுப் பெட்டியும் வாங்கினேன். அக்கா செக்கை மெதுவாகத்தான் வங்கியில் போடுவார், அதற்குள் ஜீப் வசூலைக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவர் மறுவாரமே போட்டார். கணக்கில் போதிய பணம் இல்லை என்று செக் திரும்பியது. அதற்கு வங்கி என்னிடமும் கட்டணம் பிடித்தது, அவரிடமும் பிடித்தது. புது டயர் உருள, புதுப் பெட்டி பாட, என் முன்சீட்டில் உட்கார்ந்துதான் அக்கா அந்தச் செய்தியைச் சொன்னார்.

"செக்கு திரும்பிடுச்சி தம்பி. இன்னா செய்யலாம்?"

"அடுத்த வாரம் குடுத்துடறேங்க்கா."

அந்த அடுத்த வாரம் மூன்று வாரம் ஓடியது. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நல்ல மனசு, என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அவரோ திருப்பத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்திருந்தார்.

எங்கள் பக்கத்துக்குத் தபால் பை என் ஜீப்பில்தான் ஏறும். ஒருநாள் தபால்காரர், "அண்ணே, உங்களுக்கு வக்கீல் நோட்டீஸு ஒண்ணு வந்திருக்குது, கையெழுத்து போடுங்க" என்றார். "வூட்டு விலாசம்தானே போட்டிருக்குது? வூட்டுக்கு எடுத்துனு வா" என்றேன். அந்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் பலாமரத்தடியில் வண்டியை நிறுத்தித் தூங்கினேன். கடைசியில் நோட்டீஸ் பையோடு திரும்பிப் போனது. மலையேற்றியதும் நான், இறக்கியதும் நான். கையில் வாங்காத நோட்டீஸ் வராத நோட்டீஸ் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

கோர்ட் சம்மன் வந்த பிறகு என் வக்கீல் விளக்கினார். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கட்டியிருந்தால் கேஸே இல்லையாம். இனி நிரூபணமானால் இரண்டு வருஷம் வரை ஜெயில், இல்லையென்றால் செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், சில சமயம் இரண்டுமே. சரியான விலாசத்துக்கு வந்த நோட்டீஸை வாங்காமல் நழுவினால், வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். "இருந்தாலும் வரலைன்னு சொல்லிப் பாப்போம்" என்றார். அவருக்கு ஃபீஸ் ரொக்கமாகக் கொடுத்தேன். செக் வாங்க மாட்டாராம்.

முதல் வாய்தா அன்று காலையில் வண்டியை எடுக்கப் போனால், முன்சீட்டில் அக்கா. கையில் எலுமிச்சம்பழம், மடியில் கேஸ் காகிதம்.

"கோர்ட்டுக்குத்தானே? நானும் அங்கதான் வர்றேன்."

டிக்கெட் வேண்டாம் என்றேன். "கேசு வேற, டிக்கெட்டு வேற" என்று சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதேதான். "இன்னாபா, உம்மேல போட்ட கேசுக்கு நீயே ட்ரிப் அடிக்கிறியா?" என்று பின்சீட்டில் கிண்டல் செய்வார்கள். உடம்பு சரியில்லை என்று மனுப் போட்டு ஒருமுறை போகாமல் இருந்துவிடலாம் என்றார் வக்கீல். எப்படி முடியும்? விடிந்ததும் முன்சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறதே.

எனக்கு ஜெயில் பயம் இருந்தது. அதைவிட, அந்த சீட்டிலிருந்து அக்கா போய்விடுவாரோ என்ற பயம் பெரிதாக இருந்தது. கோபம் இருந்தால் என் வண்டியில் ஏறுவாரா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் புளி கரைக்கப் போய்விட்டாள். நடுவில் ஒரு மழைக்காலம் போயிற்று. அக்கா கூரைமேல் தார்ப்பாய் கட்டினார். அது கிழிந்து உள்ளே இருந்த சாமை மூட்டைகள் நனைந்தன. அதையும் முன்சீட்டில் உட்கார்ந்துதான் சொன்னார், வானிலைச் செய்தி வாசிப்பதுபோல.

குறுக்கு விசாரணையில் என் வக்கீல் எழுந்து, "நோட்டீஸ் இவருக்குப் போச்சுன்னு நீங்க எப்படிம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"மலைக்குத் தபாலு இவரு வண்டியிலதாங்க வரும்" என்றார் அக்கா. "ஏறினதும் இவரு வண்டியில, திரும்பி எறங்கினதும் இவரு வண்டியில. எறங்கும்போது பை என் மடியிலதாங்க இருந்திச்சி."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. மாஜிஸ்திரேட் குனிந்து ஏதோ எழுதினார். வெளியே வந்ததும் என் வக்கீல், "சமாதானமாப் போயிடுங்க" என்றார்.

ஜீப்பின்மேல் இன்னொரு கடன் வாங்கிச் செக் தொகையையும் கேஸ் செலவையும் கட்டினேன். செலவுப் பட்டியலில் 'ஜீப் கட்டணம், போக வர' என்று ஒரு வரி இருந்தது. நான் வாங்கிய டிக்கெட் காசை நானே திருப்பிக் கொடுத்தேன். அக்கா வழக்கை முடித்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டார். கடைத்தெருவுக்குப் போய் ஷீட் வாங்கப் போவதாக அவர் வக்கீலிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவ்வளவையும் என் வண்டிமேல் கட்டி இலவசமாக ஏற்றிப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஸ்டாண்டில் முன்சீட்டைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

எனக்கு முன்னால் நின்ற இன்னொரு ஜீப்பின்மேல் தகர ஷீட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி சீட்டில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நம்ம வண்டிக்கு வாங்கக்கா. பின்னால உங்களுக்கு ஒத்துக்காதே."

"பரவால்ல தம்பி."

"இத்தினி நாளு என் வண்டியிலதானே வந்தீங்க?"

"நீ கோர்ட்டுக்கு வராம போய்ட்டின்னா? அதுக்குத்தான் ஏறினேன். இப்ப கேசு முடிஞ்சிடுச்சி இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அந்த வண்டிக்குப் பின்னாலேயே நானும் மலையேறினேன். பாதி வழியில் ஒரு வளைவில் அது நின்றது. அக்கா இறங்கி, ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது என் ஜீப்பையும் காலியாக இருந்த முன்சீட்டையும் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த வண்டியின் கடைசி சீட்டிலேயே போய் ஏறிக்கொண்டார்.