முகத்துக்கு ஒரு பெயர்

சின்னவளுக்கும் பெரியவளுக்கும் ஒரே முகம். இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளே ஒருத்திக்கு இரண்டு தடவை ஊட்டிவிட்டு, மற்றவளைப் பட்டினி போட்ட நாளெல்லாம் உண்டு. இருவருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. ஐம்பதைத் தாண்டியும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தார்கள். பெரியவள் தையல்காரி. சின்னவளுக்கு வாக்காளர் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை.

காய்ச்சல் என்று படுத்த பெரியவள் எழுந்திருக்கவில்லை. சின்னவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கல்லாவது, கனமாவது! உள்ளே ஒன்றுமே இல்லை. அடக்கம் முடிந்த கையோடு வேலைக்குப் போனாள். முத்திரை குத்தினாள், தேநீர் குடித்தாள், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள்.

அந்த வருடம்தான் தேர்தல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ச் சரிபார்ப்பதெல்லாம் இனி கிடையாது. கணினியே படங்களை ஒப்பிடும். ஒரே முகம் இரண்டு இடத்தில் இருந்தால் ஜோடியாகத் திரையில் கொண்டுவந்து நிறுத்தும். ‘ஒருவரே’ என்று அழுத்தினால் புதிய படம் உள்ள பெயர் நிற்கும், மற்றது போய்விடும். ‘இருவர்’ என்றால் இரண்டு பேரும் சேர்ந்து நேரில் வர வேண்டும். இறந்தவரை நீக்க மட்டும் வீட்டு ஆள் எழுதித் தர வேண்டும். ஊரார் வீட்டுச் சாவையெல்லாம் மளமளவென்று பதிந்து தள்ளிய சின்னவள், தன் வீட்டுச் சாவை மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தாள். எழுதினால் பெரியவள் பட்டியலிலிருந்தும் போய்விடுவாள். மிச்சம் இருந்ததே அது ஒன்றுதான்.

ஒருநாள் மதியம் அந்த ஜோடி அவள் திரைக்கே வந்தது. சின்னவளின் படம் ரொம்பப் பழையது. பெரியவளோ, "அட்டையில உன்னைவிட நான்தான் நல்லா இருக்கணும்" என்று போன வருடம் வீம்புக்குப் புதுப்படம் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

மாற்றலாகி வந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். அவருக்கு விவரம் எதுவும் தெரியாது.

"என்னக்கா, உங்க மூஞ்சியே ரெண்டு தடவை வந்திருக்கு?"

"எங்கக்கா சார். ரெட்டைப் பிறவி."

"அப்ப இருவர்னு போடுங்க. ஒருநாள் அவங்களையும் கூட்டிட்டு வந்துட்டா வேலை முடிஞ்சுது."

"அவளால வர முடியாது சார்."

"உடம்பு சரியில்லையா?"

"ம்."

அந்த விதியை எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்னவள் அவள். தெரிந்தேதான் ‘ஒருவரே’ என்று அழுத்தினாள்.

"ஐயோ, உங்க பேருல்ல போயிடுச்சு!" என்று அதிகாரி பதறினார். "உடனே ஆட்சேபணை போடுங்க. இல்லன்னா ஓட்டுப் போட முடியாது."

"போடறேன் சார்."

போடவில்லை. ஓட்டுரிமை வந்த நாள் முதல் ஒரு தேர்தலைக்கூட விடாதவள், கெடு கடந்துபோவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தமாகக்கூட இல்லை.

இறுதிப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, பெயரைப் படிக்காமலே, அவர்கள் வீட்டு எண்ணுக்கு நேரே இருந்த ஒரே படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதோ, நீங்க இருக்கீங்க. முன்னல்லாம் செத்தவங்க பேரு வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். இப்பப் பாருங்க, கரெக்டா எடுத்துட்டாங்க."

சின்னவள் பெரியவளின் படத்தைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

"ஆமா," என்றாள். "செத்தவ பேரை எடுத்துட்டாங்க."