என் பின்னால் உட்கார்ந்திருந்தவர்

கோவில்பட்டியில் ஒரு காற்றாலை நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில் வேலை பார்க்கிறேன். அந்த வேலைக்கான நேர்காணல் வீடியோ காலில்தான் நடந்தது. ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. எங்கள் புஞ்சைக் காட்டில், களத்துமேட்டில் முள் அடர்ந்த ஒற்றை உடைமரம் நிற்கும். அங்கே போனால் பேச்சு அறுபடாது.

அப்போது கோடை. பருத்தி எடுத்து முடிந்து, காய்ந்த மாரைப் பிடுங்கிப் போட்ட நிலம் வெறுமனே கிடந்தது. கரிசல் வெடித்து, கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. நேர்காணலுக்கு முந்தைய வாரம் முழுக்க, மதியத்தில் அங்கே போய்ப் பதில்களைச் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவள் நான். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் வாய் குழறித் திரும்பியிருந்தேன். ஆளில்லாத இடத்தில் பேசிப் பழகினால் கூச்சம் போய்விடும் என்று நினைத்தேன்.

கூச்சம் போகவில்லை. பேச ஆரம்பித்ததும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் முதுகு கூசும். திரும்பினால் வெறும் மண்தான். நான் நிறுத்திய பிறகு, என் கடைசிச் சொல் கொஞ்சம் பிந்தி இன்னொருமுறை காதில் விழும். காற்று என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் மரத்தில் ஓர் இலைகூட அசைந்திருக்காது.

நேர்காணல் அன்று ஒரு கல்லில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். திரையில் ஓர் அதிகாரியும் ஒரு மேடமும் தெரிந்தார்கள். என் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடம் குறுக்கிட்டார்.

"உங்க பின்னாடி உட்கார்ந்திருக்கிற அம்மாவ எழுந்து போகச் சொல்லுங்க. கூட யாரும் இருக்கக் கூடாது."

திரையின் மூலையில் என் சின்னப் படம் இருந்தது. அதில் நானும் வெடித்த நிலமும்தான்.

"இங்கன யாரும் இல்ல மேடம்" என்றேன். போனை எடுத்து மெதுவாகச் சுற்றிக் காட்டினேன்.

"சரி, போயிட்டாங்க" என்றார் அதிகாரி, சாதாரணமாக. அடுத்த கேள்விக்கும் போய்விட்டார். "ஒரு காற்றாலை நின்னுடுச்சுன்னு திரையில காட்டுது. ஆனா அது ஓடுதுன்னு போன்ல ஒருத்தர் சொல்றார். எதை நம்புவீங்க?"

"உடனே ரெண்டையும் நம்ப மாட்டேன் சார். இன்னொரு ஆளை நேர்ல அனுப்பிப் பார்க்கச் சொல்லுவேன். அதுவரைக்கும் அதைத் தொட மாட்டேன்."

அதன்பின் இடைவெளியே விடாமல் பேசினேன். நிறுத்தினால் அந்தப் பிந்திய குரல் கேட்டுவிடும் என்ற பயம். ஒருமுறைகூட நாக்கு குழறவில்லை. முடிந்ததும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

"எப்படிட்டி பேசுன?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லாப் பேசுனேம்மா" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்த மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க பேசப் பேச அவங்க வாயும் அசைஞ்சுது. சொல்லித் தர்றாங்களோன்னு முதல்ல நினைச்சேன். அதான் போகச் சொன்னேன். அப்புறம் யோசிச்சப்பதான் புரிஞ்சுது, நீங்க சொன்னதைத்தான் அவங்க திருப்பிச் சொல்லிட்டிருந்தாங்க. உங்க அம்மாவா?"

"ஆமா மேடம்" என்றேன்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"வயசானவளா, நடுவயசுக்காரியான்னு சொன்னாவளா?"

"நான் கேக்கலம்மா."

"கேக்காத" என்றாள்.

மறுநாள் காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா ஆடுகளைப் பத்திக்கொண்டு போனாள். எப்போதும் களத்துமேட்டுப் பக்கம் போகிறவள், அன்று கண்மாய்ப் பக்கம் திரும்பினாள்.