பதின்மூன்றால் வகுத்த மாப்பிள்ளை

சின்னம்மாவைப் பெண் பார்க்கக் கல்குடாவிலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்தே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வருபவருக்குச் சின்னம்மாவின் அறை போகும். அதுவரை அந்த அறையில் அவளோடு படுத்துக்கொண்டிருந்தது நான்.

சின்னம்மா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள். கணக்குத் தெரியாதவர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு என்று அவளிடம் கெஞ்சி வைத்திருந்தேன். பார்ப்போம் என்றாள்.

வந்தவர் நில அளவையாளர். மெலிந்த, கூச்சமான மனிதர். இருவரும் பேசட்டும் என்று பெரியவர்கள் பின்வளவு மாமரத்தடியில் கதிரை போட்டு, துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். அவரோ எங்கள் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சின்னம்மாதான் பலகாரப் பெட்டியின் மூடியைக் கிழித்து நீட்டி, மூன்று இலக்கத்தில் ஓர் எண் எழுதச் சொன்னாள். 528 என்று எழுதினார். அதையே பக்கத்தில் மறுபடி எழுதச் சொன்னாள். 528528 ஆனது. அதை ஏழால் வகுத்து, வந்ததைப் பதினொன்றால் வகுத்து, அதில் வந்ததைப் பதின்மூன்றால் வகுத்தால் மிச்சமே வராது என்றாள்.

அவர் மூடியை முழங்காலில் வைத்து வகுத்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். 75504, பிறகு 6864. பதின்மூன்றில் வெகுநேரம் நின்றார்.

"நாலு மிஞ்சுது," என்றார்.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"மிஞ்சாதே. இன்னொருக்காச் செய்து பாருங்க," என்றாள் சின்னம்மா.

"இப்ப ஏலா. மறுகா ஒருநாள் வந்து செய்து காட்டுறன்."

சின்னம்மா மூடியை வாங்கிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் போனபின் எனக்கு விளக்கினாள். மூன்று இலக்க எண்ணை இரண்டு தரம் அடுத்தடுத்து எழுதுவது அதை ஆயிரத்தொன்றால் பெருக்குவதுதானாம். ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் வருவதும் அதே ஆயிரத்தொன்று. ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் கடைசியில் அந்த எண்ணே வந்து நிற்கும். மூடியிலும் 528 என்று விடை சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே அழகாக ஒரு 4 எழுதப்பட்டிருந்தது. முதலில் எழுதியதையே பார்த்து எழுதியிருக்கிறார், கள்ளன் என்றேன். ஓம் புள்ள, கள்ளன்தான் என்றாள்.

அன்றே அம்மாவிடம் சம்மதமும் சொல்லிவிட்டாள்.

திரும்பி வர அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது என்று எனக்கு யார் சொல்வது? பதின்மூன்றால் வகுக்கத் தெரியாதவர் என்று எனக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது வாசல் படலையிலேயே மறித்து, பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லித் தருகிறேன் என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்று, எனக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதின்மூன்று, இருபத்தாறு, முப்பத்தொன்பது. ஒன்றில்கூடப் பிழையில்லை. இவ்வளவு கெதியாகப் படித்துவிட்டாரே என்று பெருமையோடு சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகமெல்லாம் சிவந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள்.